ஆலப்புழைக் காயலில் ஓரிரவு: முதியவர்களோடும் பிள்ளைகளோடும் போக எப்படித் திட்டமிடலாம்?

தென்காசிச் சாரல்

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஆலப்புழை சென்று, படகு வீட்டில் ஓரிரவு தங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்கு 74 வயது. அம்மாவுக்குச் சென்ற ஆண்டுதான் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் நன்றாக நடப்பார், உயரமான படி என்றால் ஒருவர் கை கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 12, 8 வயது.

இந்தப் பயணம் உண்மையில் அப்பாவுக்காகத்தான். இளமையில் கொல்லத்தில் முந்திரி வியாபாரி ஒருவரிடம் சில ஆண்டுகள் கணக்கெழுதியவர். அந்நாளில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் படகிலேயே போயிருக்கிறார். வீட்டு வாசலில் படகு வந்து நிற்பதையும், தோட்டில், அதாவது வீட்டோரமாக ஓடும் சிறு வாய்க்காலில், பாத்திரம் துலக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதையும் இன்றும் சொல்வார். அதை அவர் மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மூன்று அறைகள் கொண்ட படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் இன்னும் கட்டவில்லை. ஆலப்புழையா, குமரகமா? ஓரிரவு போதுமா? பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

ஆலப்புழையில் ஒருத்தி

சாரல் அவர்களுக்கு வணக்கம். திருமணமாகி இந்த ஊருக்கு வந்து 21 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டுப் பின்வாசலே ஒரு தோட்டின் படித்துறைதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேதியை மாற்றுங்கள். பொங்கலை ஒட்டித்தான் சபரிமலையில் மகரவிளக்கு வருகிறது. செங்கோட்டை, புனலூர் வழியாக வரும் ரயில்களும் பேருந்துகளும் ஐயப்ப பக்தர்களால் நிறைந்திருக்கும். அந்த நெரிசலில் அம்மாவை அழைத்து வருவது வேண்டாம். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை உள்ள நாட்களும் அப்படித்தான், படகு வாடகையும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியில் ஏதேனும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வார இறுதியைத் தவிர்த்துத் திங்கள் முதல் வியாழனுக்குள் வர முடிந்தால், அதே படகு குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒன்று. பெரிய படகு பெரிய நீரில்தான் ஓடும். வேம்பநாட்டுக் காயல் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளம் கொண்டது; ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அறுபது, எழுபது அடி நீளமுள்ள படகு வீடுகள் புன்னமடையிலிருந்தோ பள்ளாத்துருத்தியிலிருந்தோ கிளம்பி, அகன்ற ஆற்று வழியாகக் காயலைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அது அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பா சொல்லும் தோடும், படித்துறையும், நிமிர்ந்து பார்க்கும் பெண்களும் அந்த வழியில் இல்லை. அவையெல்லாம் கைனகரி, சம்பக்குளம், நெடுமுடி, காவாலம் ஆகிய ஊர்களுக்குள் ஓடும் சிறு தோடுகளில் இருக்கின்றன. பல இடங்களில் இரண்டு வள்ளங்கள் ஒன்றையொன்று தாண்டுவதற்கே ஒதுங்க வேண்டும். எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், எந்த வழியாகப் போகும், இரவு எங்கே கட்டுவீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர்களைச் சொல்லத் தெரியாத முகவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

குமரகம் காயலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பறவைகள் சரணாலயமும் அமைதியும் வேண்டுவோருக்கு நல்ல இடம். அங்கிருந்து கிளம்பினால் திறந்த காயலில்தான் பெரும்பாலும் போவீர்கள். உங்கள் தேவைக்கு ஆலப்புழையே பொருத்தம்.

நீங்கள் பார்க்கப் போவது குட்டநாடு. கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டு என்று நம் பழைய உரைகள் எண்ணுகின்றனவே, அவற்றில் வரும் 'குட்டம்' இந்த நிலந்தான். சேர மன்னர்கள் குட்டுவன் என்று பெயர் பூண்டதும் இதனால்தான். குட்டம் என்றால் ஆழம் என்றும் பொருள் உண்டு, அது இந்த மண்ணுக்கு எவ்வளவு பொருத்தம் என்பது படகில் ஏறினால் தெரியும். வயல்கள் பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. நீர் மேலே ஓட, வரப்புக்கு அப்பால் நெல் கீழே நிற்கும். படகில் உட்கார்ந்தபடியே வயலைக் குனிந்து பார்ப்பீர்கள். இந்த வேளாண்மை முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013இல் உலக மரபுச் சிறப்புள்ள வேளாண் முறைகளில் ஒன்றாக அறிவித்தது. பிப்ரவரியில் வந்தால், இங்கே 'புஞ்சை' என்று சொல்லும் பருவத்து நெற்பயிர் பச்சையும் மஞ்சளுமாக நிற்கும். மார்ச்சில் அறுவடை மும்முரமாகிவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கடலின் உப்புநீர் வயல்களுக்கு ஏறாமல் இருக்க, தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை டிசம்பர் நடுவிலிருந்து சில மாதங்களுக்கு மூடி வைப்பார்கள். நெல்லுக்கு அது நல்லது. ஆனால் உப்பு ஏறாத நீரில் ஆகாயத்தாமரை மண்டிவிடும். சில தோடுகளில் படகு அதைக் கிழித்துக்கொண்டுதான் போகும். சில நாட்களில் வழி மாற்றுவார்கள். படகோட்டி வேறு பாதையில் திருப்பினால் ஏமாற்றுகிறார் என்று உடனே எண்ணிவிடாதீர்கள்.

கோவைப் பயணி

மேலே அந்த அம்மா எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இணையத்தில் படத்தைப் பார்த்து ஒரு படகு வீட்டை முன்பதிவு செய்தோம். துறைக்குப் போனபோது, அந்தப் படகு பழுது என்று சொல்லி வேறொன்றைக் காட்டினார்கள். பெட்டி படுக்கையோடும் பசித்த பிள்ளைகளோடும் நண்பகல் வெயிலில் நிற்கும்போது யாரும் வாதாட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏறினோம். மாலை ஐந்தரைக்கு, ஏற்கெனவே முப்பது படகுகள் நெருக்கியடித்து நின்ற ஒரு கரையில் கட்டினார்கள். இரவு முழுவதும் இருபுறமும் ஜெனரேட்டர் சத்தம். டீசல் புகை படுக்கையறைக்குள் வந்தது. காயலின் இரவைக் கேட்கலாம் என்று போன எனக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு எல்லா இயந்திரங்களும் நின்ற சில நிமிடங்களில்தான் தண்ணீர் பலகையில் மோதும் ஓசை கேட்டது.

அதன்பின் இரண்டு முறை போய்விட்டோம், இரண்டும் நன்றாக அமைந்தன. நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்; அந்தப் படகு இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்கிறேன். முடிந்தால் முந்தைய நாளே ஆலப்புழையில் தங்கி, காலையில் துறைக்குச் சென்று படகை நேரில் பார்த்தபின் மீதிப் பணத்தைக் கொடுக்கிறேன். ஏசி என்று சொன்னால் அது எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். பல படகுகளில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை படுக்கையறையில் மட்டுந்தான் ஓடும். ஓரிரவு என்பதும் உண்மையில் நண்பகல் 12 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரைதான். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குமேல் படகு நகராது, ஏனெனில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், படகு ஓடும் நேரம் ஐந்தாறு மணிதான்.

அம்மாவுக்காக ஒன்று. மாடி வைத்த படகு வேண்டாம். காட்சி மேலே, படுக்கை கீழே என்றால், அவர் நாளெல்லாம் கீழேயே இருக்க நேரும். ஒற்றைத் தளப் படகைக் கேளுங்கள்.

நாகர்கோவில் நெய்தல்

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். நான் சற்று மாறுபட்டே சொல்ல விரும்புகிறேன். சாரல் அவர்களின் அப்பா பார்க்க விரும்புவது குட்டநாட்டு மக்களின் வாழ்க்கையை என்றால், அதற்குப் படகு வீடு தேவையே இல்லை என்பது என் கருத்து. ஆலப்புழைப் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து நெடுமுடிக்கும் காவாலத்துக்கும் புளிங்குன்னுக்கும் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலர்களும் மீன்காரப் பெண்களும் ஏறிப் போகும் படகுகள் நாளெல்லாம் ஓடுகின்றன. நகரப் பேருந்துக்குக் கொடுப்பது போன்ற சிறு கட்டணத்தில், ஒவ்வொரு வீட்டுத் துறையிலும் நின்று நின்று போகலாம். கோட்டயத்துக்குச் செல்லும் படகு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்; காயலைக் குறுக்காகக் கடந்து ஆர் பிளாக் வயல்களின் ஓரமாகப் போகும் அந்தப் பயணத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். பாலப் பணியோ ஆகாயத்தாமரையோ இருக்கும் நாட்களில் காஞ்ஞிரத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்பதால், ஏறுமுன் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆர் பிளாக்கும், சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பெயர்களைத் தாங்கிய வயல்களும் ஒருகாலத்தில் காயலாகவே இருந்தவை. நீருக்குள் தென்னங்கழிகளை நட்டு, இடையில் சேற்றை நிரப்பி வரப்பு எழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்து, மனிதக் கைகளால் உண்டாக்கிய நிலம் அது. நீர் இறைக்கும் பொறிக்கு அங்கே 'பெட்டியும் பறையும்' என்று பெயர். வரப்போரக் கொட்டகையில் அது ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. இந்தக் காயல் 2002இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகு வீடுகள் இதில் ஓடுகின்றன. அவற்றின் எண்ணெயும் கழிவும் கலக்கும் நீரில்தான் கரையில் உள்ளவர்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். இன்றைய படகு வீட்டுக்கு மூலமான கெட்டுவள்ளம் என்பது நெல் ஏற்றிச் சென்ற படகு. எங்கள் ஊரில் அயனி என்போமே, அந்த மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் செய்தார்கள். அந்தக் கைத்திறன் சுற்றுலாவால் பிழைத்தது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு குடும்பம் ஓரிரவு தூங்குவதற்கு இத்தனை பெரிய படகும் ஜெனரேட்டரும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டோரத்தில் ஒரு வீட்டில் தங்குங்கள். பகலில் அரசுப் படகிலும் சிறு வள்ளத்திலும் போங்கள்.

கோவைப் பயணி

நெய்தல் ஐயா சொல்வது நியாயம். ஆனால் அரசுப் படகில் கூட்டமான நேரத்தில், துறைக்கும் படகுக்கும் இடையே கால் எட்டி வைத்து ஏற வேண்டும். படகு நிற்பதும் ஒரு நிமிடம்தான். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அது எளிதன்று. கழிப்பறைத் தேவையையும் எண்ண வேண்டும். என் மாமியாருக்குப் படகு வீடுதான் வசதியாக இருந்தது. படுக்க வேண்டும் என்றால் படுத்துக்கொள்ளலாம், யாரையும் அவசரப்படுத்த வேண்டாம். அதோடு, இரவில் தண்ணீர்மேல் தூங்க வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசையும் சிறிய ஆசையில்லையே.

ஆலப்புழையில் ஒருத்தி

இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு உண்டு. ஏறி இறங்குவதுதான் கவலை என்றால், படகு வந்து நிற்கும் இடத்தில் ஏறாமல், கிளம்பும் இடமான ஆலப்புழைத் துறையிலேயே ஏறுங்கள். நேரம் கிடைக்கும், ஊழியர்களும் கை கொடுப்பார்கள். காலை எட்டரை மணியும் மாலை நான்கு மணியும் பள்ளி நேரம், அப்போது வேண்டாம். பகல் பதினொன்றுக்குமேல் பாதிப் படகு காலியாக இருக்கும். போய்விட்டு, இறங்காமல் அதே படகில் திரும்பிவிடலாம்.

பாதுகாப்பு பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. நான் எழுதியே ஆக வேண்டும். 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்த படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதில் 22 பேர் இறந்தார்கள்; அவர்களில் குழந்தைகள் பலர். மூன்றிலும் மீண்டும் மீண்டும் பேசப்பட்டது, படகில் ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கைதான். ஆகவே படகில் ஏறியதும் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும் பலகையைத் தேடிப் பாருங்கள். படகைச் செலுத்தும் சாரங்கு, இயந்திரம் பார்ப்பவர் ஆகியோரின் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நல்ல படகுக்காரர்கள் அதற்குக் கோபப்பட மாட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் உயிர்காப்பு அங்கி பொருந்தாது, தோள் வழியாகக் கழன்றுவிடும். சிறிய அளவு இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், ஏறியவுடன் போட்டுப் பாருங்கள். இரவில் பிள்ளைகள் தனியாக முன்தளத்துக்கு வரக் கூடாது. கட்டி நிற்கும் படகு தானே என்று பெரியவர்கள் அயர்ந்து தூங்கும் நேரம் அது.

நெய்தல் அவர்கள் சொன்ன கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்து, பின்னர் எங்கே கொண்டுபோய் வெளியேற்றுகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் இங்கே மாற்றம் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் என் வீட்டுப் பாத்திரங்களும் துலங்குகின்றன என்பதால் சொல்கிறேன்.

சிவகங்கை அடுப்படி

உணவு பற்றி மட்டும் எழுதுகிறேன். படகிலேயே சமைப்பவர் இருப்பார். சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, சாம்பார், தோரன், பொரித்த கரிமீன் என்பது வழக்கமான மதிய உணவு. கரிமீனுக்கு முள் அதிகம், பிள்ளைகளுக்கு ஆய்ந்து கொடுக்க வேண்டும். வாழையிலையில் மசாலாவோடு பொதிந்து சுடுவதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இலையைப் பிரிக்கும்போது எழும் அந்த மணத்துக்காகவே நான் இன்னொரு முறை போவேன். வழியில் மீன் விற்கும் கரைகளில் படகை நிறுத்தி, ஆற்று இறால் வாங்கச் சொல்வார்கள். விலை மிகக் கூடுதலாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். எங்கள் வீட்டில் சைவர்கள் மூவர். முன்பே சொல்லியிருந்ததால் அவியலும் புளிசேரியும் தனிப் பாத்திரத்தில் செய்து கொடுத்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் இரவு உணவை ஏழரைக்கே கேளுங்கள். இல்லாவிட்டால் ஒன்பது ஆகிவிடும்.

தென்காசிச் சாரல்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதியைப் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டேன், பள்ளியில் இரண்டு நாள் விடுப்பும் சொல்லியாயிற்று. செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம். அங்கிருந்து கடலோர ரயிலில் ஆலப்புழை. வந்த அன்று இரவு நகரிலேயே விடுதி. மறுநாள் ஒற்றைத் தளப் படகு, இரவு கைனகரிப் பக்கம் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படகு வீட்டைவிட்டு இறங்கிய அன்று, நெய்தல் ஐயா சொன்னபடி தோட்டோர வீடு ஒன்றில் ஓரிரவு தங்கி, பகலில் அரசுப் படகு. படகு வீட்டுக்காரரிடம் சிறிய அங்கி இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுதான் இருக்கிறதாம், அது எங்களுக்குப் போதும். போய் வந்து எழுதுகிறேன்.

தென்காசிச் சாரல்

நேற்று ஊர் திரும்பினோம். சொன்னபடியே எழுதுகிறேன்.

படகைக் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டதால் குழப்பம் எதுவும் நேரவில்லை. அம்மா ஏறுவதற்குப் பலகை போட்டு, ஒரு முக்காலியையும் வைத்தார்கள். நண்பகலில் கிளம்பி ஒரு மணி நேரத்தில், ஒரு திருப்பத்தில் ஆகாயத்தாமரை முழுத் தோட்டையும் மூடியிருந்தது. சாரங்கு படகைத் திருப்பி வேறு வழியில் கொண்டு போனார். முன்பே இங்கே படித்திருந்ததால் நாங்கள் அமைதியாக இருந்தோம். இரவில் எங்களுக்கு அருகில் இரண்டு படகுகள் மட்டுமே நின்றன. ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் தூங்க முடிந்தது. கொசு அதிகம், வலையோ களிம்போ இல்லாமல் யாரும் போக வேண்டாம்.

மறுநாள் பகலில் அரசுப் படகில் நெடுமுடி வரை போய்த் திரும்பினோம். கயிற்றை இழுத்து மணியடித்தே, இயந்திரத்தை நிறுத்தவும் கிளப்பவும் சாரங்கு கீழே சொல்கிறார். என் மகன் அந்தக் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பா சன்னல் ஓரப் பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துறையின் பெயர்ப் பலகையையும் மலையாளத்தில் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு துறையில், அலுமினியக் குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒரு மூதாட்டி ஏறி அவர் பக்கத்தில் அமர்ந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்க, அப்பா ஐம்பது ஆண்டுகளாகப் பேசாத மலையாளத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். நடுநடுவே தமிழ்தான் வந்தது, அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்று துறைகள் தாண்டி அந்த அம்மா இறங்கிப் படித்துறையில் ஏறும்வரை பேச்சு நிற்கவில்லை. படகு வீட்டில் இருந்த இருபத்தொரு மணி நேரத்தில் அப்பா பேசியதைவிட, அந்தக் கால் மணி நேரத்தில் பேசியது அதிகம்.

தோட்டோர வீட்டில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர், மார்ச்சில் அறுவடை இயந்திரங்கள் தமிழ்நாட்டிலிருந்துதான் இங்கே வருகின்றன என்றார். அவற்றை வள்ளத்தில் ஏற்றி வயல்களுக்குக் கொண்டு போவதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள்.

அப்பாவுக்கு வேறொரு கேள்வி. கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குக் காயங்குளம் காயல் வழியாக எட்டு மணி நேரம் ஓடிய அரசுச் சுற்றுலாப் படகு, அடுத்த பருவத்தில் ஓடுமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். கொல்லம் பக்கம் உள்ளவர்கள் யாரேனும் படகுத்துறையில் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.